பங்களா மேனேஜர்

மேனேஜராகப் பதவி உயர்வு பெற்ற மகன், மறுநாள் பாராட்டுக் கூட்டத்தில் பேசுவதற்காக அகராதியைப் புரட்டிக்கொண்டிருந்தான்.

“அப்பா, மேனேஜ்ங்கிற வார்த்தை லத்தீன்ல கையைக் குறிக்கிற சொல்லுலேருந்து வந்ததாம். முதல்ல அதுக்கு அர்த்தமே குதிரையைப் பிடிச்சுப் பழக்குறதுதானாம்!”

பெரியவருக்குச் சுருக்கென்றது. “அதையெல்லாம் சபையில பேசாதே. நம்ம குடும்பத்துக்குன்னு ஒரு கௌரவம் இருக்கு.”

“குதிரையில என்னப்பா கௌரவக் குறைச்சல்? பங்களாவுல மேனேஜரா இருந்த தாத்தாவைப் பத்தியும் சொல்லப்போறேன். அவருக்கப்புறம் நான்தான்னு!”

பெரியவர் விறைப்பாக நிமிர்ந்து உட்கார்ந்தார். கடிவாள வார் உரசிக் காய்த்துப்போன தன் அப்பாவின் உள்ளங்கை கண்முன் வந்தது. பள்ளிக்கூட வாசலில், நண்பர்கள் பார்க்கிறார்களே என்று அந்தக் கையை உதறிவிட்டு ஓடியதும் நினைவுக்கு வந்தது.

“கூட்டத்துல பொய் சொல்லாதேடா. தாத்தா மேனேஜர் இல்ல. அந்தப் பங்களாவுல குதிரைங்களைப் பார்த்துக்கிட்டவர். நாற்பது வருஷமா உங்கம்மாகிட்டகூட மறைச்சுட்டேன்.”

சமையலறையிலிருந்து மனைவி எட்டிப் பார்த்தாள்.

“எனக்குத் தெரியாதாக்கும்! நான் இந்த வீட்டுக்கு வந்த மறுநாளே மாமா சொல்லிட்டாரு.”

பெரியவருக்குத் தூக்கிவாரிப் போட்டது. “அப்போ ஏன் இத்தனை வருஷமா வாயே திறக்கல?”

“அவர்தான் கேட்டுக்கிட்டாரு. ‘அவன் சொன்னபடி நான் மேனேஜராவே இருந்துட்டுப் போறேன். உனக்குத் தெரியும்னு மட்டும் அவன்கிட்ட காட்டிக்காதேம்மா, குன்றிப் போயிடுவான்’னு.”