தலைமை அலுவலகத்து மெயில்

"தம்பி, வேற எந்த மெயில் எங்க போனாலும் எனக்குக் கவலையில்லை. தலைமை அலுவலகத்து மெயில் மட்டும் ஸ்பாமுக்குப் போகவே கூடாது!"

அறைக்கதவைச் சாத்திவிட்டுச் சொன்னார் மேனேஜர். வீட்டின் முன்னறையிலிருந்தே ஆபீஸ் வேலை பார்ப்பவர். கம்ப்யூட்டர் மெக்கானிக் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு ஸ்பாம் பெட்டியைத் திறந்தான்.

லாட்டரிப் பரிசு, வழுக்கைக்கு எண்ணெய், வட்டியில்லாக் கடன். இடையிடையே 'தலைமை அலுவலகம்' என்ற பெயரில் மெயில்கள். 'விளக்கம் தேவை.' 'நினைவூட்டல்.' 'இறுதி எச்சரிக்கை.'

மெக்கானிக்குத் தூக்கிவாரிப் போட்டது. "சார், உங்களுக்கு வேட்டு வெச்சிடுவாங்க போலிருக்கே!"

"அதான் தம்பி பயமே. ஒண்ணுமே வரலையேன்னு நானும் வீறாப்பா இருந்துட்டேன். முதல்ல அங்கேர்ந்துதான் வரட்டுமேன்னு."

"ஒரு போன் போட்டுக் கேட்டிருக்கலாமே சார்?"

"எங்க? இனிமே எதுவானாலும் மெயில்லதான்னு உத்தரவு போட்டாச்சே!"

'என்ன ஆபீஸோ!' என்று நினைத்துக்கொண்டே மெக்கானிக் அங்கே இங்கே தட்டிப் பார்த்தான்.

"இது தானா போகலை சார். யாரோ இந்த முகவரியை ஸ்பாம்னு குறிச்சு வெச்சிருக்காங்க."

"உஷ்... மெதுவா!" மேனேஜர் கதவைத் திரும்பிப் பார்த்தார். "நான்தான். அன்னிக்கு ஒரு மெயிலைப் பார்த்து வந்த கோபத்துல அந்தப் பட்டனை அமுக்கிட்டேன். அந்த ஒரு மெயிலுக்குத்தான்னு நினைச்சேன். அப்புறம் வர்றதெல்லாம் அங்கேயே போகும்னு யார் கண்டா?"

மெக்கானிக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டான். குறியை எடுத்தான். அந்த முகவரியை நம்பிக்கையானவர் பட்டியலில் சேர்த்தான்.

"முடிஞ்சுது சார். இனிமே அங்கேர்ந்து எது வந்தாலும் நேரா உங்க கண் முன்னாடிதான்."

மேனேஜர் கடைசியாக வந்திருந்த மெயிலைத் திறந்தார்.

'எங்கள் தரப்பிலும் தவறு உண்டு. இதற்கும் பதில் இல்லையென்றால், எங்கள் தொடர்பே வேண்டாமென்று முடிவு செய்துவிட்டதாக எடுத்துக்கொள்வோம்.'

அவர் முகம் பேயறைந்த மாதிரி ஆயிற்று. "ஐயையோ! இவ்வளவு இறங்கி வந்திருக்காங்க. நான் கல்லு மாதிரி உட்கார்ந்திருக்கேனே!"

உடனே பதில் அடித்தார். 'மெயில்களை இப்போதுதான் பார்த்தேன். தவறு முழுக்க என்னுடையது. மன்னிக்கவும்.'

மெக்கானிக்குப் பாவமாக இருந்தது. இவ்வளவு பெரிய மனுஷன், ஒரு வேலைக்காக இப்படிக் காலில் விழ வேண்டியிருக்கிறதே!

"அனுப்பிட்டேன் தம்பி. மன்னிப்பாங்களா?"

"கவலைப்படாதீங்க சார். அவங்களும் மனுஷங்கதானே?"

இருவரும் கண்கொட்டாமல் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். 'டிங்' என்றது. பதில்! இந்த முறை ஸ்பாமில் இல்லை.

'மன்னிப்பு ஏற்கப்பட்டது. சாப்பாடு ஆறுகிறது. அந்தத் தம்பியையும் கை கழுவிக்கொண்டு வரச் சொல்லவும்.'

மெக்கானிக் ஒன்றும் புரியாமல் விழித்தான். அறைக்கதவு மெல்லத் திறந்தது.

ஒரு கையில் போனும் இன்னொரு கையில் கரண்டியுமாக, சிரிப்பை அடக்க முடியாமல் அங்கே நின்றுகொண்டிருந்தது தலைமை அலுவலகம்.