எத்தினாவது?

"செலோன்ல எத்தினாவது படிச்ச கண்ணு?"

கமலா டீச்சர் கேட்டதற்கு, "ஆயாங்க" என்றாள் பாத்திமா.

கேட்டது வகுப்பு. வந்தது ஆயா. ஐந்து வகுப்பும் சேர்ந்து சிரித்தன. ஐந்துக்கும் அங்கே ஒரே கூடம், ஒரே டீச்சர்.

அந்த ஊரில் பாட்டியைத்தான் ஆயா என்பார்கள். ஆயாவிடம் வளர்ந்த பிள்ளை, கடலுக்கு அந்தப் பக்கம் அவளை விட்டுவிட்டு வந்திருக்கிறது என்று கமலா எண்ணிக்கொண்டாள். மேற்கொண்டு கேட்டு அழவைக்க மனம் வரவில்லை.

பாத்திமா மாதாவின் பெயர் வைத்த அந்தப் பிள்ளைக்குப் பதினொரு வயது. இலங்கைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து கப்பலேறி வந்து ஒரு மாதம்தான் ஆகிறது. சான்றிதழ் எதுவும் இல்லை. சோதித்துப் பார்த்துத்தான் வகுப்பைச் சொல்ல வேண்டும்.

அவள் அம்மா இஞ்ஞாசியம்மாள் வாசற்படியை விட்டு உள்ளே வரவில்லை.

"அஞ்சுல எடுத்தா படிக்கட்டும்னு இவ அப்பா சொல்லிட்டாருங்க. பொடிசுங்களோட ஒண்ணுல உக்காரணும்னா, நாளையிலருந்து கரும்பு வெட்டுக்கு வான்னுட்டாரு."

கமலா எதையும் வரிசையாகச் செய்கிறவள். ஒன்றாம் வகுப்பிலிருந்து தொடங்கினாள்.

பாத்திமா நேராக நிற்கவில்லை. முகத்தை ஜன்னல் பக்கம் வைத்துக்கொண்டு, இடது காதை டீச்சரிடம் கொடுத்து நின்றாள். மரியாதை தெரியவில்லையா, காது மந்தமா என்று கமலாவுக்குப் புரியவில்லை.

மந்தம் இல்லை. பதினாறாம் வாய்ப்பாடு தடங்கலில்லாமல் வந்தது. காலும் அரையும் முக்காலும் சேர்ந்தால் எவ்வளவு என்று கேட்டு முடிப்பதற்குள் "ஒண்ணரை" என்றாள். ஐந்தாம் வகுப்பில் நான்கு பேர் இன்னும் விரலை மடக்கிக்கொண்டிருந்தார்கள்.

"நம்ம நாட்டுல பெரிய ஆறு எது?"

"மகாவலி கங்கை."

மறுபடியும் சிரிப்பு.

"பாதி ரைட்டு" என்று சொல்லிச் சிரிப்பை அடக்கினாள் கமலா.

மதியத்துக்குக் கோதுமை ரவை கிண்டிக்கொண்டிருந்த சமையல்காரி சின்னப்பொண்ணு கரண்டியும் கையுமாக எட்டிப் பார்த்தாள். "டீச்சர், பேசாம அதுக்கு ஒங்க நாக்காலிய குடுத்துட்டு, நீங்க வந்து ரவை கிண்டுங்க. எனக்குக் கை வலிக்குது."

கமலாவுக்கும் சிரிப்பு வந்தது. நான்கு வருடமாக இந்தக் கூடத்தில் தொண்டை வற்றக் கத்தியும் ஒருவனைக்கூட இந்த அளவுக்குக் கொண்டுவர முடியவில்லை. எழுதப் படிக்கத் தெரிந்த கிழவி ஒருத்தி, தோட்டத்து லயக் குடியிருப்பில் உட்கார்ந்து பேத்திக்குச் சொல்லித்தருவது கண்ணில் தெரிந்தது.

"ஒங்க ஆயா பெரிய கெட்டிக்காரிம்மா. அவங்கள நான் பாக்கணும்."

அம்மாவும் மகளும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

கமலா சாக்பீஸை நீட்டினாள். "பேரு எழுது."

பாத்திமா வாங்கிக்கொண்டாள். குருவி முட்டையைப் போல உள்ளங்கையில் மூடி வைத்துக்கொண்டு அப்படியே நின்றாள்.

கடல் தாண்டினால் எழுத்தும் மாறுமா? தான்தான் தப்பாகக் கேட்கிறோமோ? கமலா ஒன்றாம் வகுப்புப் புத்தகத்தின் முதல் பக்கத்தைப் பிரித்து அவள் முன் பிடித்தாள்.

பாத்திமா புத்தகத்துக்கும் காதைக் காட்டினாள்.

கூடத்தில் இந்தமுறை யாரும் சிரிக்கவில்லை. காலையிலிருந்து அழுதுகொண்டிருந்த கைக்குழந்தையின் சத்தம் மட்டும் கேட்டது. வீட்டில் பார்க்க ஆளில்லை என்று இரண்டாம் வகுப்பு இருசம்மாள் இடுப்பில் தூக்கி வந்த தம்பி அது.

இஞ்ஞாசியம்மாள் வாசற்படியைத் தாண்டி உள்ளே வந்தாள்.

"ஆயான்னா நீங்க நெனைக்கிற மாதிரி கெழவி இல்லைங்க டீச்சர். நாங்க கொழுந்து பறிக்கப் போகையில கைப்புள்ளைங்கள புள்ளைக்காம்பராவுல விட்டுட்டுப் போவோம். அங்க பாத்துக்கிறவங்களத்தான் ஆயாம்போம். எட்டு வயசுலருந்து இவதாங்க ஆயா. அதுக்கும் பள்ளிக்கூடத்துக்கும் ஒரே செவரு."

கமலா புத்தகத்தை மூடினாள்.

மடியில் ஒன்று, தோளில் ஒன்று, தொட்டிலில் இரண்டு. எது அழுதாலும் சுவருக்கு அந்தப் பக்கத்துப் பாடம் கேட்காமல் போய்விடும். அதனால் எதையும் அழவிடாமல் பார்த்துக்கொண்டு, சுவரில் காதை வைத்து, ஐந்து வகுப்பையும் கேட்டு முடித்திருக்கிறாள்.

"எத்தினாவதுங்க டீச்சர்?" என்றாள் இஞ்ஞாசியம்மாள். குரல் அவளுக்கே கேட்டிருக்காது.

ஒரு எழுத்து தெரியாத பிள்ளையை ஐந்தில் போடலாமா? மேலிருந்து யாராவது வந்து கேட்டால்? சரியா தப்பா என்று கமலாவுக்குத் தெரியவில்லை. வாய் முந்திக்கொண்டது.

"அஞ்சாவது."

பிறகு பாத்திமாவிடம் குனிந்தாள். "எழுத்துக்கு மட்டும் கொஞ்ச நாளு ஒண்ணாவது பசங்களோட ஒக்காரு. அப்பா கேட்டா அஞ்சாவதுன்னு சொல்லு. பொய் இல்ல, அதான் நெசம்."

பாத்திமா ஒன்றாம் வகுப்பு வரிசையின் கடைசியில் போய் உட்கார்ந்தாள். உட்கார்ந்ததும் கை தானாக நீண்டு, இருசம்மாளின் தம்பியை வாங்கி மடியில் போட்டுக்கொண்டது. இரண்டு தட்டில் அது அடங்கிவிட்டது.

கமலா கரும்பலகையில் பெரிதாக 'அ' எழுதி, உரக்கச் சொன்னாள்.

வரிசை திருப்பிச் சொன்னது. பாத்திமாவும் சொன்னாள், முகம் ஜன்னல் பக்கம் இருக்க, காது மட்டும் பலகைப் பக்கம் இருக்க.

கமலா நடந்துபோய் அவள் எதிரில் உட்கார்ந்தாள். தாடையைத் தொட்டு, அந்த முகத்தை மெல்ல எழுத்தின் பக்கம் திருப்பிவிட்டாள்.