இழைப்பு மெஷினுக்குச் சக்கரம்

ஆட்கள் வீட்டுக்குப் போய், ஷட்டர் பாதி இறங்கி, நன்றாக இருட்டின பிறகுதான் அந்தச் சத்தம் வரும். கரகரவென்று தரையை உரசிக்கொண்டு கனமாக ஏதோ உருளும். நிற்கும். மறுபடியும் உருளும்.

எங்கள் வீடு என்பது மரப்பட்டறையின் முதுகில் ஒட்டிக்கொண்டிருக்கும் ஓர் அறையும் சமையல்கட்டும். பட்டறை என் கணவருடையது. அவர் கப்பல் வேலைக்குப் போனதிலிருந்து அதைப் பார்த்துக்கொள்வது கொழுந்தனார். ஷட்டர் சாவியும் அவரிடம்தான். வீட்டில் அவருக்கு முசுடு என்று பெயர். எதைக் கேட்டாலும் பாதி பதில்தான் வரும். மீதியை நாமே போட்டுக்கொள்ள வேண்டும்.

குழந்தையைத் தோளில் சாய்த்துக்கொண்டு, திரைச்சீலையை விலக்கிப் பார்த்தேன். துளை போடும் மெஷின் அதன் இடத்தில் இல்லை. ஷட்டர் பக்கமாகப் போயிருந்தது. அடியில் புதிதாக ஓர் இரும்புச் சட்டம், நான்கு சக்கரங்கள்.

"என்ன தம்பி, இந்த நேரத்துல?"

"வேலை இருக்கு அண்ணி."

அவ்வளவுதான்.

மறுநாள் எதிர்வீட்டுத் தையல்கார அக்காவிடம் பேச்சுவாக்கில் சொல்லிவிட்டேன். அக்கா நூலைப் பல்லால் கடித்து அறுத்தபடியே தீர்ப்பும் சொல்லிவிட்டாள்.

"நகர வேண்டாத பொருளுக்கு எவனாவது சக்கரம் வெப்பானா? அண்ணன் ஊர்ல இல்ல. அண்ணி வாயில்லாப் பூச்சி. நீ இப்படியே பார்த்துக்கிட்டு இரு, ஒருநாள் காலையில பட்டறையில நாம பந்து விளையாடலாம்."

இரண்டு நாள் கழித்து அறுப்பு மெஷினுக்கும் சக்கரம் வந்தது. அதுவும் ஷட்டர் பக்கம் போய் நின்றது.

கணவர் துறைமுகத்திலிருந்து கூப்பிட்டபோது குழந்தைக்குப் பல் முளைத்ததைச் சொன்னேன். இதைச் சொல்லவில்லை. கடலுக்கு அந்தப் பக்கம் இருப்பவர் காதில், கூடப் பிறந்தவரைப் பற்றி எப்படிப் போடுவது? பொய்யென்றால் அண்ணன் தம்பி ஆயுசுக்கும் முகம் பார்க்கமாட்டார்கள். நிஜமென்றால்?

நிஜமென்றால், மெஷின் போவதுகூடப் பெரிதில்லை. அப்படிப்பட்ட ஒரு கையில் சாவி இருக்கிறது. நானும் குழந்தையும் ஒரு திரைச்சீலைக்கு இந்தப் பக்கம் படுத்திருக்கிறோம்.

ஆமாம், திரைச்சீலைதான். பட்டறைக்கும் எங்கள் அறைக்கும் நடுவில் இருக்கும் வாசலில்தான் பெரிய இழைப்பு மெஷின் நிற்கிறது. நீளப் பலகைகளை அந்தப் பக்கம் கொடுத்தால் எங்கள் அறைக்குள் வந்துதான் வெளிப்படும், இடம் அவ்வளவுதான். மெஷினின் வால் நிலைப்படியைத் தாண்டி நீட்டிக்கொண்டிருப்பதால் கதவு எப்போதும் சுவரோடு சாய்ந்தே கிடக்கும். தரையில் சிமென்ட்டோடு முடுக்கிய மெஷின், அசையாது என்று கணவர் சொல்லியிருந்தார்.

ஆகவே அவர் கப்பலேறியதிலிருந்தே ராத்திரியில் விளக்கை எரியவிட்டு, கான்வென்ட்டில் படித்த ஜெபங்களை முணுமுணுத்துக்கொண்டு, இப்படி எதையாவது எழுதிக்கொண்டு உட்கார்ந்திருப்பேன்.

இன்றைக்குச் சத்தம் வாசலிலேயே கேட்டது. இழைப்பு மெஷினுக்கு அடியில் ஜாக்கி. சிமென்ட்டை உடைத்துத் திருகாணிகளைப் பெயர்த்தாகிவிட்டது. கொழுந்தனார் மண்டியிட்டுக் கிடந்தார்.

என்னையறியாமல் வாய் திறந்துவிட்டது.

"இது அவரோட மெஷின் தம்பி. எங்க கொண்டு போறீங்க?"

அவர் நிமிர்ந்து, முழங்கையால் நெற்றியைத் துடைத்துக்கொண்டார்.

"ரொம்ப தூரம் இல்ல அண்ணி. அந்தச் சுவர் வரைக்கும்."

ஜாக்கியை இறக்கினார். காலால் ஒரு பிடியை அழுத்தி, உள்ளங்கையால் தள்ளினார். மூன்று பேர் கடப்பாரை போட்டாலும் அசையாத மெஷின், தூளிபோல் நழுவி, மற்ற இரண்டும் காலி செய்துகொடுத்த இடத்தில் போய் நின்றது. அவை ஏன் முதலில் ஷட்டர் பக்கம் போயின என்று அப்போதுதான் புரிந்தது. அவை ஒதுங்காமல் இதற்குப் போக இடமில்லை.

பகலில் இழுத்து வைத்து இழைத்துக்கொள்ளலாம், சாயங்காலம் தள்ளி விட்டுவிடலாம், பிரேக் போட்டால் நகராது என்றார். முசுடு இவ்வளவு பேசி நான் கேட்டதே இல்லை.

"அண்ணன் போனதிலேர்ந்து உங்க விளக்கு அணையறதே இல்லையே" என்று, என்னைப் பார்க்காமல், சக்கரத்தைப் பார்த்துச் சொன்னார்.

வெல்டிங் பொறி பட்டுப் பட்டு அவர் கையெல்லாம் புள்ளி புள்ளியாகச் சிவந்திருந்தது. பகல் முழுக்க வேலை பார்த்த கை. இதைச் செய்யச் சொல்லி யாரும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை. கேட்கலாம் என்றுகூட எனக்குத் தோன்றியதில்லை.

சட்டைப் பையிலிருந்து கெட்டியான இரும்புத் தாழ்ப்பாள் ஒன்றை எடுத்துக்கொண்டு நிலைப்படியில் நின்றார்.

"உள்ள வரலாமா அண்ணி?"

நாள் முழுக்கப் பலகையும் ஆளும் போய்வரும் வாசல் அது. இதுவரை யாரும் அங்கே நின்று அப்படிக் கேட்டதில்லை. தலையை மட்டும் ஆட்டினேன்.

கதவின் உட்பக்கம் தாழ்ப்பாளை முடுக்கினார். கீலுக்கு எண்ணெய் விட்டார். தூங்கும் குழந்தையின் மேல் விழுந்த மரத்தூளை ஊதிவிட்டு வெளியே போய் நின்றார்.

"சாத்தித் தாழ்ப்பாள் போடுங்க."

போட்டேன். நன்றி சொல்ல வார்த்தை தேடிக்கொண்டிருந்தேன். அதற்குள் வெளியிலிருந்து கதவில் தோளைக் கொடுத்து, உடைக்க வந்தவர் மாதிரியே ஓங்கி இடித்தார். மறுபடியும் இடித்தார். கதவு அசையவில்லை.

"சரி அண்ணி, நிம்மதியா தூங்குங்க. இனிமே சாவி வெச்சிருக்கற நானே வந்தாலும் திறக்க முடியாது."