பதினோரு கையெழுத்து

வடிவுக்குப் பிறவியிலேயே பார்வை இல்லை. அவள் சொல்லச் சொல்லப் பரீட்சை எழுத, அவளைவிடக் குறைவாகப் படித்த ஆள்தான் வேண்டுமாம். நான் எட்டாவது. கல்லூரி சைக்கிள் ஸ்டாண்டைப் பார்த்துக்கொண்டிருந்த என்னைக் கூட்டிவந்து அவள் பக்கத்தில் உட்கார வைத்தார்கள். ஒரு மணி நேரம் கூடுதலாகவும் தந்தார்கள். சும்மா தருகிற எதையும் நான் நம்புவதில்லை.

“தாத்தா, அந்த வரிய அடிச்சிருங்க” என்றாள். அடித்தேன். பக்கத்திலேயே கையெழுத்தும் போட்டேன். நிலப் பத்திரத்தில் அடித்த இடத்தில் கையெழுத்து வாங்காமல் விட்டு, கிணற்றுக்குப் போகிற பாதையையே இழந்தவன் நான். பதினோரு இடத்தில் அடிக்கச் சொன்னாள். பதினோரு கையெழுத்து.

கண்காணிப்பாளர் தாளைப் புரட்டிப் பார்த்தார்.

“யாருய்யா நீ? விடைத்தாள்ல கையெழுத்து இருந்தா திருத்தவே மாட்டாங்க. இந்தப் பொண்ணுக்கு ஒரு வருஷம் போயிரும்.”

“அடிச்சது நான் சார். நாளைக்கு அவ மேல பழி வரக்கூடாதுல்ல?”

“தாத்தா, நான் பாஸாயிட்டா இதுதான் கடைசிப் பரீட்சை” என்றாள் வடிவு, மெதுவாக.

கூடுதல் நேரத்தில் பத்து நிமிடம் மிச்சமிருந்தது.

“எல்லாக் கையெழுத்தையும் அடிச்சுத் தொலை. ஒரு எழுத்து தெரியக்கூடாது” என்றார் அவர்.

முதல் கையெழுத்தை நன்றாக அழுத்தி அடித்தேன். முடித்ததும் பேனா தானாகப் பக்கத்து வெற்றிடத்துக்கு நகர்ந்து தாளைத் தொட்டது. அந்தச் சத்தத்திலேயே வடிவு என் மணிக்கட்டை எட்டிப் பிடித்துக்கொண்டாள். கடைசிக் கையெழுத்தை அடித்து முடிக்கும்வரை விடவில்லை.