அறுபத்திரண்டு வெட்டு

சுப்புராஜுக்கு வயிறு எரிந்தது. பின்னே எரியாதா? மட்டாஞ்சேரியில் கேசட் போய் சி.டி. வந்த புதிது. கோயில் திருவிழாவுக்குப் போட்ட சி.டி.யில் எட்டுப் பாட்டையும் தொண்டை கிழியப் பாடியவன் அவன். பொன்னாடை மட்டும் டோலக் வாசித்த செல்லதுரைக்காம்.

"பாட்டை விட்டு இம்மி விலகலையே அந்த டோலக்கு" என்று கமிட்டித் தலைவர் முதல் சாயாக்கடைக்காரர் வரை ஒரே பேச்சு. பாடினவனை ஏனென்று கேட்க நாதியில்லை.

அந்தச் சாயாக்கடையில்தான் சமாசாரம் கிடைத்தது. சுப்புராஜ் பாட்டைக் கம்ப்யூட்டரில் திருத்தினார்களா என்று யாரோ கேட்க, அதைத் தொடவே இல்லை, என் டோலக்கைத்தான் வெட்டி வெட்டி நகர்த்தினார்கள் என்று செல்லதுரையே சொன்னானாம்.

தாளம் தப்பினதால்தானே வெட்டியிருக்கிறார்கள், மாட்டினான் என்று துள்ளிய சுப்புராஜ், கார்ப்பரேஷன் வேலைக்கு லீவு சொல்லிவிட்டு யூதர்கள் குடியிருந்த ஜூ டவுனுக்கு ஓடினான். சுக்கு மூட்டை அடுக்கும் கிட்டங்கிக்கு மேல்மாடியில்தான் ஸ்டுடியோ.

ரெக்கார்டிங் செய்த சஜி கம்ப்யூட்டரில் திறந்து காட்டினான். டோலக் சத்தம் கோடாக நீண்டு கிடந்தது. பார்த்த இடமெல்லாம் வெட்டு.

"எத்தனை இருக்கும்?"

"ஆறாவது பாட்டில் மட்டும் அறுபத்திரண்டு, சேட்டா."

சுப்புராஜுக்கு மனசு குளிர்ந்து போனது. இதை அப்படியே பிரிண்ட் போட்டுக் கொடு, சாயங்காலம் கமிட்டி முன்னால் வைக்கிறேன் என்றான். பொன்னாடை என்ன, அவனுக்கு இனி கோஷ்டியிலேயே இடம் கிடையாதாம்.

தன் பெருமையையும் விடவில்லை. செல்லதுரை முதல் நாளே வாசித்துப் பதிந்து வைத்திருந்தான். மறுநாள் அதைக் கேட்டுக்கொண்டே பாடச் சொல்லி ஹெட்போன் கொடுத்தார்கள். எனக்கா தாளம் சொல்லித் தருகிறீர்கள் என்று கழற்றி வைத்துவிட்டு, கண்ணை மூடிப் பாடியவனாக்கும் நான் என்றான்.

சஜி பிரிண்ட் போடவில்லை. வெட்டுவதற்கு முன்னால் இருந்த பழைய பதிவை ஓடவிட்டான்.

டோலக் நிதானமாக, கடிகாரம் மாதிரி போனது. சுப்புராஜின் குரல்தான் முன்னே ஓடியது, பின்னே தங்கியது, மறுபடி ஓடியது.

சுப்புராஜ் நாற்காலியில் உட்கார்ந்தான்.

"உங்க பாட்டைத்தான் நான் வெட்டப் போனேன், சேட்டா. செல்லதுரை சேட்டன் சம்மதிக்கல. 'அவன் பாட்டுல கை வைக்காதே, தெரிஞ்சா மனசு ஒடிஞ்சு போயிருவான். அவன் எங்கே ஓடுறானோ அங்கே என் அடியைக் கொண்டு போய் வை'ன்னாரு. ரெண்டு நாள் காய்கறிக் கடையை அடைச்சிட்டு, இங்கே என்கூட இருந்து ஒவ்வொண்ணா நகர்த்த வச்சாரு."

சஜி பிரிண்டரில் பேப்பரைச் சொருகினான்.

"கமிட்டிக்கு எத்தனை காப்பி வேணும்?"