நட்டைத் திருப்பி மாட்டியது யார்?

"மூணாவது தடவை! வேலை தெரியலைன்னா தெரியலைன்னு சொல்லிட்டுப் போக வேண்டியதுதானே?"

படகுக்காரர் போட்ட சத்தம் துறை முழுக்கக் கேட்டது. யார் காதில் விழக்கூடாதோ அந்த மூன்று பேரும் பக்கத்திலேயே நின்றார்கள். மூன்று பேரும் சொந்தப் படகு வைத்திருப்பவர்கள். "இவர் படகுல ஒழுங்கா ஓடட்டும், அப்புறம் எங்களுக்கும் மாட்டு" என்று ஒயர்க்காரியிடம் சொல்லி வைத்திருந்தவர்கள்.

ஒயர்க்காரி என்பது துறையில் அவளுக்கு விழுந்த பட்டப்பெயர். படகுகளுக்கு எலக்ட்ரிக் வேலை பார்ப்பவள்.

அவள் மாட்டியது ஒரு சார்ஜர் பெட்டி. என்ஜின் ஓடும்போது என்ஜின் பேட்டரியிலிருந்து கரண்டை எடுத்து, கேபின் பேட்டரிக்கு ஏற்றும். என்ஜின் நின்றால் தானும் நிறுத்திக்கொள்ளும். கேபினில் லைட்டும் ஃபேனும் ஓடி கேபின் பேட்டரி தீர்ந்தாலும், காலையில் படகு ஸ்டார்ட் ஆகும்.

ஸ்டார்ட் ஆனது. கேபின்தான் இருட்டாகக் கிடந்தது.

ஒயர்க்காரி பல்லைக் கடித்துக்கொண்டு என்ஜின் அறைக்குள் இறங்கினாள்.

முதல் தடவை வந்தபோது, பெட்டிக்குப் போகும் ஒயரில் ஃப்யூஸைக் காணோம். என்ஜின் ஆட்டத்தில் கழன்று விழுந்திருக்கும் என்று புதிது போட்டாள். அடுத்த தடவையும் காணோம். தன் மேலேயே சந்தேகம் வந்துவிட்டது. நட்டு போட்டு முறுக்குகிற பெரிய ஃப்யூஸாக மாற்றினாள்.

இன்றைக்கு அதுவும் இல்லை. ஆனால் இரண்டு நட்டும் வாஷரோடு, அதனதன் இடத்தில் அழகாக முறுக்கப்பட்டிருந்தன.

ஆட்டத்தில் ஃப்யூஸ் விழும், சரி. விழுந்த பிறகு நட்டைத் திருப்பி மாட்டியது யார், என்ஜினா?

அவளுக்கு ரத்தம் தலைக்கேறியது.

அந்த அறைக்குச் சாவி இரண்டு. ஒன்று படகுக்காரரிடம். இன்னொன்று டிக்கெட் கவுண்டரில் உட்கார்ந்திருக்கும் அவருடைய மாமியாரிடம். "இவ மாட்டின லைட்டுக்கு மெழுகுவத்தியே மேல்" என்று வருகிறவர் போகிறவருக்கெல்லாம் டிக்கெட்டோடு சேர்த்துக் கொடுத்துக்கொண்டிருந்த அதே அம்மா.

நேராகக் கவுண்டருக்குள் போய் டிராயரை இழுத்தாள்.

டிக்கெட் புத்தகங்களுக்கு அடியில் மூன்று ஃப்யூஸ். கைக்குட்டையில் சுற்றி வைத்த ஸ்பேனர்.

"என் பிழைப்புல மண்ணைப் போட எவ்வளவு பக்குவமா வேலை பார்த்திருக்கீங்க! நான் உங்களுக்கு என்னம்மா கெடுதல் பண்ணினேன்?"

"மெதுவா பேசு."

"நீங்க மெதுவாவா பேசினீங்க? கூப்பிடுறேன் உங்க மாப்பிள்ளையை. அந்த மூணு பேரும் சேர்ந்து கேட்கட்டும்."

"கூப்பிடு. அவர் எதுக்குக் கேபினுக்கு லைட்டு கேட்டார்னு தெரியுமா உனக்கு?"

"ஏறுற ஜனங்களுக்கு."

"பகல்ல வர்ற ஜனத்துக்கு லைட்டு எதுக்கு? அவர் படுத்துக்க! என் பொண்ணோட சண்டை போட்டுட்டு வந்து ரெண்டு மாசமா அங்கதான் வாசம். என்ன சண்டைன்னு கேட்டா ரெண்டு பேருக்கும் ஞாபகம் இல்லை. கோபம் மட்டும் ஞாபகம் இருக்கு."

"அதுக்கு என் ஃப்யூஸ் என்ன பண்ணும்?"

"முதல் தடவை எடுத்தேன். ரெண்டு நாள்ல ஃபேன் நின்னுச்சு. கொசுக்கடி தாங்காம வீட்டு வாசல் வரைக்கும் வந்தார். செருப்பை மட்டும் கழட்டலை. மறுநாள் நீ வந்து ரிப்பேர் பண்ணிட்ட."

ஒயர்க்காரி டிராயருக்குள் கையை விட்டாள். மூன்று ஃப்யூஸையும் அள்ளிக்கொண்டாள்.

"ரெண்டாவது தடவை உள்ளேயே வந்துட்டார். குழந்தை மடியில ஏறி உட்கார்ந்துக்கிச்சு. என் பொண்ணு தட்டு வெச்சா. சாப்பிட்டார். இன்னும் ஒருநாள் போயிருந்தா பேசியிருப்பாங்க. அதுக்குள்ள பெரிய ஃப்யூஸைத் தூக்கிக்கிட்டு வந்து நின்னே! உன்னைத் திட்டாம என்ன பண்றது?"

"உங்க வீட்டு நல்லதுக்கு என் பேர்தான் கிடைச்சுதா?"

அந்த அம்மா தலையைக் குனிந்துகொண்டார். "அது தப்புதான். போய்ச் சொல்லிடு. ஆனா நான்தான் எடுத்தேன்னு தெரிஞ்சா, அவர் ரோஷத்துக்கு இந்த ஜென்மத்துல எங்க வாசப்படி மிதிக்க மாட்டார்."

"நல்லா இருக்கும்மா நியாயம்!" என்று ஒயர்க்காரி சீறியபோது படகுக்காரரே வந்துவிட்டார். பின்னாலேயே அந்த மூன்று பேர்.

"என்ன இங்க மாநாடு? கோளாறு என்னன்னு கண்டுபிடிச்சியா இல்லையா?"

மூன்று ஃப்யூஸும் அவள் கைக்குள் இருந்தன. விரலைப் பிரித்தால் போதும். போன பேர் திரும்பி வந்துவிடும்.

கோபம் இன்னும் இறங்கவில்லை. யார் மேல் என்றுதான் தெரியவில்லை.

"கண்டுபிடிச்சேண்ணே" என்றாள். கையைப் பைக்குள் விட்டுக்கொண்டாள். "என் தப்புதான். பெட்டியைத் தப்பா மாட்டிட்டேன். உள்ளே ஒரு பார்ட் போயிடுச்சு. வெளியூர்லேர்ந்து வரணும், ஒரு மாசம் ஆகும்."

மூன்று பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். ஒருவர் 'ச்' கொட்டினார். மூவரும் நடையைக் கட்டினார்கள்.

"ஒரு மாசமா! அதுவரைக்கும் நான் அந்த இருட்டுல கொசுவோட குடும்பம் நடத்தணுமா?"

மூன்று பேரின் முதுகும் மறையும் வரை அவள் பார்த்துக்கொண்டிருந்தாள். அப்புறம்தான் அவர் பக்கம் திரும்பினாள்.

"ஏண்ணே, உங்களுக்குன்னு ஒரு வீடு இல்லை?"