கழுதையின் ப்ளூஸ்

பொதி சுமந்த துயரத்தையெல்லாம் ப்ளூஸ் என்னும் சோகப் பாட்டு ஆல்பமாகப் பாடித் தீர்த்துவிடுவது என்று கழுதை ஸ்டூடியோவுக்கு வந்தது. பெரிய பெயர்கள் இருந்தால்தான் எடுபடும் என்று மயிலையும் கிளியையும் அதுவே கூடப் பாடச் சொல்லிக் கெஞ்சிக் கூட்டிவந்து, பொன்னாடையும் போர்த்தியிருந்தது.

“என் குரல் எடுப்பா கேட்கலையே,” என்று முகம் சுளித்தது மயில். ஒலிப்பதிவாளர் ஆந்தை கழுதையின் குரலைக் கொஞ்சம் குறைத்தது. கிளியும் அதையே சொல்ல, இன்னும் குறைத்தது. கடைசியில் போட்டுக் கேட்டால், கழுதையின் குரல் மருந்துக்கும் இல்லை.

“நான் பட்ட பாடெல்லாம் எங்கேய்யா?” என்று கழுதை ஓவென்று கதறியது.

ஆந்தை சட்டென்று பதிவுப் பொத்தானை அழுத்தியது.

“அடடா, இதுதான்யா ப்ளூஸ்! அப்படியே கிளியைப் பாட வெச்சிடலாம். நீங்க போய் அவங்களுக்கு ஒரு டீ சொல்லிட்டு வாங்க.”